டீச்சர் சொல்லி அனுப்பியது

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக்கொண்டால் முதலில் பிரஷர் மாத்திரை, அடுத்து முழங்கால், அதற்கடுத்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை. இந்த மூன்றும் தீர்ந்த பிறகுதான் பழைய கதைக்கு வருவோம். பழைய கதை என்றால் நாமெல்லாம் தங்கமான பிள்ளைகளாக இருந்த கதை. பசி இருந்தது, குளிர் இருந்தது, அட்டை கடித்தது, ஆனால் நம் பேரில் மட்டும் ஒரு குற்றமும் இருந்ததில்லை. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அறுபதைத் தாண்டிவிட்டேன், இனியும் மூடி வைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? என்னோடு தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் வளர்ந்து, இப்போது டவுனில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் நல்ல பிள்ளையாக இல்லாத ஒரு சீசனின் கதை இது.

சீசன் என்றால் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நல்லதண்ணிக்கு யாத்திரையாக மலையேறப் போகிறவர்களின் பஸ்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருந்த ரோட்டில் பாட்டும் கைதட்டலுமாகப் போகும். காலையில் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். வெறுங்காலோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினால் போய்ச் சேரும்வரை பாதம் இருப்பதே தெரியாது. வளைவில் இருந்த சீசன் கடைகளுக்குப் பின்னால் காலி பிஸ்கட் பெட்டிகளைக் குவித்து வைத்திருப்பார்கள். தோடம்பழத் தோல் வாசனையும் டீசல் வாசனையும் ஏறிப்போன அட்டைப்பெட்டிகள். அந்த வருஷம் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வரச் சொல்லி எங்களை அனுப்பியது டீச்சர்.

டீச்சர் பள்ளிக்கூடத்து ஆள் இல்லை. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரய்யாவின் மனைவி, யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் படிப்பித்தவராம். பிள்ளைகள் இல்லை. குவார்ட்டர்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், வாரத்தில் இரண்டு மத்தியானம் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வந்தார். எங்கள் பள்ளிக்கூடம் ஒரே அறை, ஒரே மாஸ்டர், ஐந்தாம் வகுப்போடு சரி. மாஸ்டருக்கு இங்கிலீஷ் என்றாலே தலைவலி வரும், அதனால் டீச்சர் உள்ளே வந்ததும் அவர் வெளியே போய்விடுவார். டீச்சர் பேசுகிற தமிழே எங்களுக்குப் பாதி இங்கிலீஷ் போலத்தான் இருந்தது. “விளங்குதோ பிள்ளையள்?” என்பார். விளங்காவிட்டாலும் “ஓம் டீச்சர்” என்று அவரைப் போலவே சொல்லிவிட்டுக் குனிந்து சிரிப்போம்.

இரண்டு மாதம் எழுத்தும் சின்னச் சின்னச் சொற்களும். அதற்குப் பிறகுதான் அவர் அந்த அட்டைகளை வெட்டினார். நடுவில் வைக்கிற சொல் சிவப்பு மையில். அதற்கு முன்னால் ஒட்டுகிற துண்டுகள் நீலம், பின்னால் ஒட்டுகிற துண்டுகள் கறுப்பு. முன்துண்டுக்கு நாங்கள் தலை என்று பேர் வைத்தோம், பின்துண்டுக்கு வால். ‘கைண்ட்’ என்ற சிவப்பு அட்டையை மேசையில் வைத்து, ‘அன்’ என்ற தலையை ஒட்டினால் அன்பில்லாத என்று அர்த்தம். தலையை எடுத்துவிட்டு ‘னெஸ்’ என்ற வாலை ஒட்டினால் அன்பு. “ஒரு சொல்லைப் பாடமாக்கினால் ஒரு சொல்தான். உடைச்சு ஒட்டப் பழகினால் ஒன்பது சொல்” என்றார் டீச்சர். நான் பின்னாளில் முப்பது வருஷம் இங்கிலீஷ் படிப்பித்துப் பிழைத்தவள். இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஆனால் அந்த அட்டைகள் முழுசாகப் பிடிபட்டது எங்களில் ஒருவருக்கும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற என் அக்காவுக்குத்தான்.

அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு, அம்மா கொழுந்தெடுக்கப் போகிற நேரத்தில் கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு ஓயாத சளி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் எடுக்க மாட்டார்கள். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பாடத்தைக் கேட்பாள். ஒரு நாள் டீச்சர் ‘ஹெல்ப்’ என்ற அட்டையை வைத்து, எத்தனை வால் ஒட்டலாம் என்று கேட்டார். நாங்கள் ஒன்றுக்கே முழித்துக்கொண்டிருந்தோம். வெளியிலிருந்து அக்கா, விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டே, மூன்றைச் சொன்னாள். ஹெல்ப்பர், ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ். டீச்சர் எழும்பிப் போய், தம்பியைத் தான் வாங்கிக்கொண்டு, அக்காவை உள்ளே உட்கார வைத்தார். தம்பி டீச்சரின் சேலையில் மூக்கைத் துடைத்ததை நான் பார்த்தேன். டீச்சர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அன்றிலிருந்து அக்காவுக்கு அது பைத்தியமாகிவிட்டது. எங்கள் காம்பராவில் சாக்கை விரித்து, தானே வெட்டிய அட்டைகளைப் பரப்பி வைப்பாள். தம்பி தவழ்ந்து வந்து ‘லெஸ்’ஸை வாயில் போட்டுக்கொள்வான், அவன் வாயில் விரல் விட்டு எடுப்பாள். “தலைய மாத்துனா அர்த்தம் மாறும், வால மாத்துனா வேல மாறும்” என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். தோட்டத்தில் எல்லோருக்கும் வால் ஒட்டினாள். கொழுந்து பறிக்கிறவள் ப்ளக்கர், புல்லு வெட்டுகிறவர் வீடர். அம்மாவை குக்கர் என்றாள். அது அடுப்பின் பேர், சமைக்கிற ஆளுக்கு வெறும் குக்தான் என்று டீச்சர் திருத்தினார். “அடுப்புக்கு வால் இருக்கு, எங்கம்மாவுக்கு இல்லியா டீச்சர்?” என்று அக்கா கேட்டாள். டீச்சர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அக்கா அவ்வளவு வாயாடியாக இருந்த காலம் அது ஒன்றுதான்.

அந்தச் சீசனில்தான் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கடிதம் பற்றிய பேச்சு வந்தது. டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்க, எங்கள் தோட்டத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு பெண் பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். துரை கடிதம் கொடுக்க வேண்டும். எப்போதும் அது ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைக்குத்தான் போகும், நாங்கள் அதைக் கேட்டதும் இல்லை. அந்த வருஷம் கொழும்பிலிருந்து ஒரு புதுத் துரை வந்திருந்தார், இளவயதுக்காரர், சிங்களவர். டீச்சர் கிளாக்கரய்யாவைப் பிடித்துப் பேசவைத்து, துரையே பள்ளிக்கூடத்துக்கு வந்து இரண்டு பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பார்த்து ஒருவரைத் தெரிந்தெடுப்பது என்று ஏற்பாடு செய்துவிட்டார். ஒன்று தேயிலை ஃபாக்டரியைப் பார்க்கும் டீமேக்கரய்யாவின் மகள். மற்றது என் அக்கா. அக்காவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்கு மேல் வயது போனால் அங்கே எடுக்க மாட்டார்கள். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து, கொழுந்தெடுக்க மலைக்குப் போக வேண்டியதுதான்.

அந்த வாரம் பார்த்து அம்மா மழையில் வழுக்கி விழுந்து கால் வீங்கிப் படுத்துவிட்டார். அம்மாவுக்கு ஒதுக்கிய தேயிலை நிரைக்கு அக்கா கொழுந்தெடுக்கப் போனாள், தூரத்து மலைக்கு, விடிய முன்னே. தம்பி என் இடுப்புக்கு வந்தான். ஒன்பது வயதில் என் இடுப்பு எவ்வளவு இருக்கும்? அவன் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தேன். தண்ணீர் எடுக்க வேண்டும், ரொட்டி சுட வேண்டும், அவன் பீத்துணியை அலச வேண்டும், அம்மா படுத்த இடத்திலிருந்து “அடியே, அவன் அழுவுறான் பாரு” என்று சத்தம் போடுவார். மூன்றாம் நாள் எனக்கு ஒன்று உறைத்தது. அக்கா டவுனுக்குப் போய்விட்டால் இதெல்லாம் ஒரு வாரத்தோடு முடியாது, இனி என் தலையில்தான். என் தலையை யார் பின்னிவிடுவார்கள், குளிரில் நான் யார் முதுகோடு ஒட்டிப் படுப்பேன் என்றும் நினைத்தேன். அழுதேனா என்று ஞாபகம் இல்லை. கோபம் வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தம்பியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை துரை வருகிறார். டீச்சர் அக்காவை அந்த வாரம் பார்க்கவே இல்லை. மலைக்குப் போய்க் கூப்பிட முடியாது, லயத்துக்கு வர கிளாக்கர் வீட்டு அம்மாவுக்கு வழக்கம் இல்லை. என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, என் உயரத்துக்குக் குனிந்து சொன்னார்.

“அக்காவிட்டச் சொல்லும் பிள்ளை. நாளைக்குத் துரை கேக்கேக்க தலையை நிமித்தி அவரின்ரை முகத்தைப் பாத்து மறுமொழி சொல்ல வேணும். பிழைச்சாலும் பரவாயில்லை, வாயைத் திறந்தால் போதும். நான் பக்கத்திலதான் நிப்பன், பயப்பிட வேண்டாம். நான் சொன்னனான் எண்டு சொல்லும்.”

“சரிங்க டீச்சர்” என்றேன். திருப்பிச் சொல்லச் சொன்னார். திருப்பிச் சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

பின்னேரம் அக்கா மலையிலிருந்து வந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து எதிரில் குந்தினார்.

அப்பாவைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அப்பாவுக்குப் பத்து வயதிருக்கும்போது, அவருடைய அண்ணன் பழைய துரை ஒருவருக்கு நேருக்கு நேர் முகத்தைப் பார்த்து, “காய்ச்சலுங்க, இன்னைக்கு வேலைக்கு வர முடியாதுங்க” என்று சொன்னாராம். அவ்வளவுதான் சொன்னது. அன்று சாயங்காலத்துக்குள் பானை சட்டியைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டார்கள். குடும்பமே நடந்து இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. துரையின் ஜீப் வந்தால் அப்பா தலைத்துண்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரத் தண்ணீர் ஓடும் கானில் இறங்கித் தரையைப் பார்த்து நிற்பார். ஜீப் வளைவு திரும்பிய பிறகுதான் ஏறுவார். எங்கள் லயத்தில் எல்லோரும் அப்படித்தான். பேச வேண்டியதைக் கங்காணி பேசுவார், நாம் பேசக் கூடாது.

“நாளைக்கு தொர மொகத்தப் பாத்துராத புள்ள” என்றார் அப்பா. “என்ன கேட்டாலும் குனிஞ்சு நின்னு ஐயான்னு மட்டும் சொல்லு. கேள்விக்கு டீச்சரம்மா பதில் சொல்லிக்குவாங்க. தொர நம்ம மரியாதையப் பாத்துத்தான் லெட்டர் குடுப்பாரு. நீ படிக்கணும். கெடுத்துக்காத.”

அவர் அதை மிரட்டிச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். அக்கா டவுனுக்குப் போவதை எங்கள் வீட்டில் அவரைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. அதற்கு ஒரே வழி அதுதான் என்று நம்பினார்.

அப்பா எழுந்து போனதும் அக்கா என்னைப் பார்த்தாள். குழப்பம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

“டீச்சர் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்ல” என்றேன்.

“ஒண்ணுமே சொல்லலியா?”

“ஒண்ணும் சொல்லல.”

தம்பி என் இடுப்பில்தான் இருந்தான். அவனை அவள் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் அப்பா சவரம் செய்து, வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எங்களோடு வந்தார். ஜீப்பைப் பார்த்ததும் துண்டைக் கழற்றிவிட்டு பள்ளிக்கூடத்துக் கானில் இறங்கி நின்றார். துரை உள்ளே போய் மாஸ்டரின் கதிரையில் உட்கார்ந்தார். டீச்சர் பக்கத்தில், கையில் அட்டைகளோடு. மற்றப் பிள்ளைகள் நாங்கள் ஜன்னலில். இப்போது ஜன்னலுக்கு வெளியே நான், உள்ளே அக்கா.

டீமேக்கரய்யாவின் மகள் முதலில் போனாள். துரையின் பங்களாவுக்குத் தன் அப்பாவோடு போய் வந்து பழகியவள், பயமில்லாமல் நிமிர்ந்து நின்றாள். நான்கு கேள்வியில் இரண்டு பிழை. துரை தலையாட்டினார்.

பிறகு அக்கா. டீச்சர் ‘ஹெல்ப்’ அட்டையை எடுத்து வைத்தார். வேண்டுமென்றே அதை வைத்தார் என்று இப்போது தெரிகிறது. துரை இங்கிலீஷில் கேட்டார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு “ஐயா” என்றாள். துரை இன்னும் மெதுவாகக் கேட்டார். “ஐயா.” மூன்றாம் முறை அவர் அரைகுறைத் தமிழில், “பயம் வேணாம் மகள், சொல்லு” என்றார். அவர் குரலில் நிஜமாகவே தயவு இருந்தது. அக்காவின் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. மூன்று தாண்டி, நான்கு தாண்டி. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு தடவை லேசாகத் தலையைத் திருப்பி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர், ‘நான்தான் சொல்லி அனுப்பினேனே’ என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். அக்காவுக்கு அது என்னவென்று விளங்கியிருக்காது. மறுபடி குனிந்துகொண்டாள்.

கடிதம் டீமேக்கரய்யாவின் மகளுக்குப் போனது. ஜீப் போன பிறகு கானிலிருந்து ஏறி வந்த அப்பா, “மரியாதையா நின்னியா?” என்று கேட்டார். “நின்னேம்ப்பா” என்றாள். “அப்பக் கெடைக்கும்” என்றார். கிடைக்கவில்லை என்று அவருக்குச் சொல்ல இரண்டு நாள் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த வகுப்பில் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நான் சொன்னதை அக்காவிட்டச் சொன்னனீரோ?” என்று கேட்டார். “சொன்னேங்க டீச்சர்” என்றேன். “அப்ப சரி” என்று மட்டும் சொன்னார். அப்படியென்றால் தன் பேச்சை அக்கா மதிக்கவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அக்கா அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் வரவில்லை. அம்மா கால் சரியாகி எழுந்த பிறகும் வரவில்லை. சாக்கில் பரப்பிய அட்டைகள் மழைக்காலத்தில் விறகு பற்றாத நாட்களில் ஒவ்வொன்றாக அடுப்புக்குப் போயின.

சீசன் முடிகிற சமயம் கிளாக்கரய்யாவுக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. லொறியில் சாமான் ஏற்றியபோது டீச்சர் முன் சீட்டில் ஏறாமல் லயத்துப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். “அக்கா வரேல்லையோ?” என்று என்னிடம் கேட்டார். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். “நீயே போயிட்டு வா” என்று சொல்லிவிட்டு நிமிராமல் அலசினாள்.

அடுத்த வருஷம் தோட்டத்தில் அவள் பேரைப் பதிந்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் கூடை சுமந்தாள். அவள் மலைக்குப் போனதால்தான் நான் படித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, வகுப்புகள் கூடின, நான் டவுனுக்குப் போனேன், டீச்சரானேன். நான் முதல் நாள் வேலைக்குக் கட்டிய சேலை அக்கா வாங்கித் தந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் ‘ஹெல்ப்’ என்று கரும்பலகையில் எழுதியிருப்பேன். எழுதும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்ப்பேன். ஆனாலும் வாயைத் திறந்து அவளிடம் சொல்லவில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

போன மாதம் டிக்கோயா ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணிலும் புரை. பகல் முழுக்கப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். பேச்சுவாக்கில், ரிட்டயரான பிறகு வீட்டில் என்ன செய்கிறாய் என்று கேட்டாள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகப்போகிற பெண்கள் நான்கு பேர் இங்கிலீஷ் படிக்க வருகிறார்கள், அட்டை வெட்டிச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன்.

“தலைய மாத்துனா அர்த்தம் மாறும்னு சொன்னியா?” என்று கேட்டாள்.

ஐம்பது வருஷத்துக்கு மேல். அவள் அதை மறக்கவே இல்லை. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, ஜன்னல், டீச்சர் குனிந்தது, நான் இல்லை என்றது, தம்பி என் இடுப்பில் கனத்தது. சொல்லும்போது என் குரல் ஒன்பது வயதுக் குரல் போலக் கீச்சென்று போனது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அப்பா பேச்சக் கேட்டுத்தான் நிமிரலைன்னு நெனச்சியா?” என்றாள் பிறகு. “டீச்சர் ஒரு வார்த்த சொல்லி விட்டிருந்தா அப்பாவையும் மீறி நிமிர்ந்திருப்பேன். ஒண்ணுமே சொல்லி விடலையே, இவ தேற மாட்டான்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். நாந்தான் என்னமோ பெருசா நெனச்சுக்கிட்டேன்னு வெக்கமாப் போச்சு. அதான் அவங்க போறன்னைக்குக்கூடப் போவல.”

கட்டு இல்லாத கண்ணை என் பக்கம் திருப்பினாள்.

“என்ன சொல்லச் சொன்னாங்க? சொல்லு.”

சொன்னேன். ஒரு சொல் விடாமல், டீச்சர் சொன்ன அதே பேச்சில்.

“பக்கத்துலதான் நிப்பேன்னாங்களா?”

“நிப்பன் எண்டாங்க.”

“இன்னொரு தடவ சொல்லு” என்றாள்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கட்டுக்குள் தண்ணீர் படக் கூடாது, பாட்டியை அழ விடாதீங்க என்று நர்ஸ் மிஸி காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். என்னால் தடுக்க முடியவில்லை.